மூடியது ஆலைக்கதவு - முடங்குவதோ கைகள்?

மறைமலை நகரில் மீண்டும் சங்கு ஊதப் போகிறது! 2025 அக்டோபர் 31-ந் தேதி தமிழ்நாடு அரசும் ஃபோர்டு கம்பெனியும் ஒப்பந்தம் கண்டன. 3,250 கோடி ரூபாய் முதலீடு. ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள் செய்யும் ஆற்றல். 600 பேருக்கு மேல் வேலை. 2029-ல் உற்பத்தி - இவை ஏட்டில் ஏறிய கணக்குகள். நல்ல செய்திதான். 'வேண்டாம்' என்று போனவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்றால், இந்த மண்ணின் தொழிலாளியிடம் ஏதோ சரக்கு இருக்கிறது என்றுதானே பொருள்! வரவேற்கிறோம்.

ஆனால், வருகிற முதலாளிக்கு வளைவு கட்டி மாலை போடத் தெரிந்த நாட்டிலே, போன தொழிலாளி எங்கே போனான் என்று கேட்பதற்கு ஒரு நாக்கு வேண்டாமா? அந்த நாக்கு நம்முடையதாக இருக்கட்டும்.

2021 செப்டம்பர் 9. அன்றுதான் ஃபோர்டு கம்பெனி இந்தியாவிலே கார் செய்வதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றது. ஏறக்குறைய 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று அதுவே சொல்லிற்று. முந்திய நாள் வரை பூட்டு மாட்டியவன், கதவு பொருத்தியவன், வண்ணம் பூசியவன், எல்லோரும் ஒரே நாளில் 'பாதிக்கப்பட்டோர்' ஆயினர். 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையின் கடைசிக் கார் வெளியே வந்தது. இடையிலே தோழர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. மே மாதக் கடைசியில் வேலைநிறுத்தம் செய்தார்கள், பேசினார்கள், மறுத்தார்கள், மீண்டும் பேசினார்கள். முடிவிலே, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரியாக 140 நாள் சம்பளம் என்ற கணக்கிலே செட்டில்மென்ட் ஆயிற்று.

சட்டம் என்ன கொடுக்கச் சொல்கிறது தெரியுமோ? ஆண்டுக்கு 15 நாள் கூலி! 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் போட்ட கணக்கு அது. பதினைந்துக்கும் நூற்று நாற்பதுக்கும் இடையே உள்ள அந்த 125 நாள் யார் கொடுத்த கொடை? எந்த வள்ளலும் கொடுக்கவில்லை. சங்கம் வாங்கித் தந்தது. 'சங்கம் எதற்கு, சந்தா எதற்கு' என்று கேட்கும் இளைஞர்கள் இந்தக் கழித்தல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இருந்தும், அந்தத் தொகை நிரந்தரத் தொழிலாளிக்கு வந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு? ஃபோர்டுக்கு இருக்கை செய்து கொடுத்த, ஒயர் பின்னிக் கொடுத்த சிறு ஆலைகளிலே நின்றவனுக்கு? கேன்டீனிலே தட்டுக் கழுவியவனுக்கு? கம்பெனி பஸ் ஓட்டியவனுக்கு? அவர்கள் பெயர் எந்த ஒப்பந்தத் தாளிலும் ஏறுவதில்லை. ஆலமரம் சாய்ந்தால் ஊர் கூடிப் பார்க்கிறது. அதன் கிளையிலே கூடு கட்டியிருந்த குருவிகளை யார் எண்ணுகிறார்கள்?

மறைமலை நகர்க் கதை ஆண்களின் கதை. அதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஸ்ரீபெரும்புதூரிலே பெண்களின் கதை நடந்தது. 2006-ல் நோக்கியா ஆலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியபோது, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள் சீருடை போட்டு, அடையாள அட்டை மாட்டி, கம்பெனி பஸ் ஏறினார்கள். அவர்களுடைய பாட்டி களத்துமேட்டில் நின்றவள். தாய் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் துலக்கியவள். மகளோ மாதச் சம்பளக்காரி! தங்கையைப் படிக்க வைத்தாள், தந்தையின் கடனை அடைத்தாள், தன் திருமணம் எப்போது என்பதிலே தனக்கும் ஒரு வார்த்தை உண்டு என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நமது இயக்கம் எத்தனை மேடைகளில் தொண்டை வறளப் பேசியிருக்கிறது என்பதைப் பழைய தோழர்கள் அறிவார்கள்.

அந்த ஆலையை எது மூடியது? ஒரு பக்கம் வருமான வரித்துறையின் கோரிக்கை. மற்றொரு பக்கம் மாநில விற்பனை வரியின் கோரிக்கை. நடுவிலே 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கிக் கொண்டது - வரி வழக்கிலே சிக்கிய சென்னை ஆலையை மட்டும் விட்டுவிட்டு! அயிரக்கணக்கானோர் வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்தார்கள். பெயர்தான் 'விருப்ப ஓய்வு'. இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு ஓய்வு! அதுவும் விருப்பத்தோடு! 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். இங்கே மூன்று பக்கமும் இடி.

ஆலை பின்னர் பிழைத்தது. 2019-ல் சால்காம்ப் என்ற வேறொரு கம்பெனி அதை வாங்கியது; இன்றைய கைபேசிகளுக்குச் சார்ஜர் அங்கே ஆகிறது. கட்டடத்துக்கு மறுவாழ்வு வந்தது, மகிழ்ச்சி. அதே கட்டடத்திலே வேலை பார்த்த பெண்ணுக்கு வந்ததா? ஐந்தாண்டு கழித்துக் கதவு திறந்தபோது அவளுக்கு முப்பதை நெருங்கும் வயது, கையிலே குழந்தை. மின்னணு ஆலைகளோ பள்ளி முடித்த கையோடு வரும் பெண்களையே தேடுகின்றன. இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துணி மூடிப் பாதுகாத்து வைத்தார்கள். அவளை யார் பாதுகாத்து வைத்தார்கள்?

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள்: "பணம் கொடுத்தாயிற்றே ஐயா! இலட்சக்கணக்கிலே கொடுத்தார்களே, இன்னும் என்ன?" என்று. பணத்தைப் பழிக்க நாம் சாமியார்கள் அல்லர். பணம் வேண்டும்; இன்னும் கூட வேண்டும். ஆனால் வேலை என்பது பணம் மட்டுமா?

ஆஸ்திரியா நாட்டிலே மாரியன்டால் என்று ஒரு சிற்றூர். ஊருக்கே ஒரு பஞ்சாலைதான் சோறு. உலகப் பொருளாதார வீழ்ச்சியிலே அந்த ஆலை மூடப்பட்டது. மாரி யஹோடா என்ற இளம்பெண்ணும், பால் லாசர்ஸ்ஃபெல்டும், ஹான்ஸ் சைசலும் கொண்ட ஆய்வாளர் குழு ஒன்று அந்த ஊருக்குப் போய், வேலையற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அருகிருந்து கண்டது. 1933-ல் அதை நூலாக வெளியிட்டது. என்ன கண்டார்கள்? வேலை இல்லை, ஆகவே நேரம் நிறைய இருக்கிறது. நிறையப் படிப்பார்கள் என்றுதானே நீயும் நானும் எண்ணுவோம்? நூலகத்திலே எடுத்துச் செல்லப்படும் புத்தகங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன! தெருவைக் கடக்கும் ஆண்கள் நடுவிலே நின்று நின்று போனார்கள், நடையே தளர்ந்துவிட்டது. 100 ஆண்களில் 88 பேர் கடிகாரம் கட்டவில்லை. எதற்குக் கட்ட வேண்டும்? யார் எதிர்பார்க்கிறார்கள், எந்த மணிக்கு? பெண்கள் மட்டும் முன்னைப்போலவே விரைந்து நடந்தார்கள் - ஆலை மூடினாலும் அடுப்பு மூடவில்லை அல்லவா!

கூலி போனதால் வயிறு காய்ந்தது. வேலை போனதால் மனம் காய்ந்தது. இரண்டும் வேறு வேறு நோய். முதல் நோய்க்குத் தரும் மருந்து இரண்டாவது நோயைத் தீர்ப்பதில்லை. ஐரோப்பாவிலே அவ்வளவுதான். இந்த நாட்டிலே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை அந்த ஆஸ்திரிய அறிஞர்கள் கண்டிருக்க வழியில்லை. அதன் பெயர் சாதி.

ஒரு வீட்டுத் திண்ணையை எண்ணிப் பாருங்கள். வேலை போய் மூன்று மாதம் ஆன மருமகன் உட்கார்ந்திருக்கிறான். மாமனார் தொண்டையைக் கனைத்துக் கொண்டு தொடங்குகிறார்.

"ஏன் மாப்பிள்ளே, இப்படியே உட்கார்ந்திருந்தா எப்படி? ஊருக்கே வந்துடுங்களேன். உங்க அப்பா கடை பூட்டித்தானே கிடக்கு?"

"எனக்கு அந்த வேலை தெரியாது மாமா. பதினெட்டு வருஷம் எஞ்சின் லைன்லே நின்னவன் நான்."

"தெரியாம என்ன? ரத்தத்திலே ஊறினதுதானே!"

ரத்தத்திலே ஊறியதாம்! மாமனார் நல்லவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவர் வாயால் பேசியது யார்? ஆயிரமாண்டுப் பழைய குரல் அது. சவரக் கத்தி ஏந்தியவன் மகன் சவரக் கத்திக்கே, பானை வனைந்தவன் மகன் சக்கரத்துக்கே, வெளுத்தவன் மகன் ஆற்றங்கரைக்கே, பறையடித்தவன் மகன் சாவு வீட்டு வாசலுக்கே என்று எழுதி வைத்தவனின் குரல். எஞ்சினைப் பிரித்து மாட்டும் கைத்திறன் பதினெட்டு ஆண்டுகளாக அவன் விரலிலே இருக்கிறது, அது ஊறவில்லை. தொட்டே பாராத தொழில் மட்டும் ரத்தத்திலே ஊறிவிட்டதாம்!

கம்பெனிச் சட்டை போட்டிருந்தவரை அவனை எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். எண்ணுக்குச் சாதி கிடையாது. கேன்டீனிலே பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ன சாதி என்று கேட்கவில்லை. மனத்துக்குள் கேட்டிருந்தாலும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வாடகைக்கு வீடு கிடைத்தது, 'ஃபோர்டிலே இருக்கிறார்' என்ற ஒரு வரிக்காக. அந்த வரி அழிந்த அன்று அவனை எந்தத் தெருவிலிருந்து அவன் தகப்பன் வெளியே அனுப்பினானோ அதே தெருவுக்குத் திரும்பச் சொல்கிறார்கள். அவனுக்கு வேலை இழப்பென்பது சம்பள இழப்பல்ல. ஒரு தலைமுறையின் நடை வீணாவது.

ஆகவேதான் 'மனத்துக்குப் பிடித்த புதிய வேலை' என்பதைப் பணக்கார வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்குப் பேச்சு என்று நாம் தள்ளிவிட மாட்டோம். "எனக்கு எது பிடிக்கும், எதிலே என் கை இனிக்கும், எதைச் செய்தால் நான் நிமிர்ந்து நடப்பேன்?" - இந்தக் கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொள்ளும் உரிமை இந்த நாட்டிலே பெரும்பாலோருக்கு இருந்ததே இல்லை. பிறக்கும்போதே விடை எழுதி நெற்றியிலே ஒட்டிவிட்டார்களே! வேலை போனவன் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். நாற்பது வயதிலே கேட்கட்டும். உரக்கக் கேட்கட்டும். தன்மானத்தின் கேள்வி அது.

1953-ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அன்று முதலமைச்சராயிருந்த இராசாசி, பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் மிச்ச நேரம் பெற்றோர் தொழிலிலும் இருக்கட்டும் என்று திட்டம் கொண்டு வந்தார். குலக்கல்வி என்று தமிழகம் அதற்குப் பெயர் வைத்தது, எதிர்த்தது, 1954-ல் ஆட்சிக்கு வந்த காமராசர் அதைக் கைவிட்டார். அதே 1953-ல் இன்னொன்றும் நடந்தது. நெசவாளர் வீடுகளிலே தறி ஓயவும், அடுப்பு அணையவும் கண்டு, அறிஞர் அண்ணா திருச்சித் தெருக்களிலே கைத்தறித் துணியைத் தோளிலே போட்டுக்கொண்டு விற்றார். கழகத் தோழர்கள் ஊர் ஊராய் விற்றார்கள். சிலர் கேட்பார்கள்: குலத்தொழிலை எதிர்த்தவர்கள் நெசவாளியின் துணியைச் சுமந்தது முரண் இல்லையா என்று. முரண் எங்கே? நெசவு நெய்ய விரும்புகிறவன் நெய்து வாழ வேண்டும்; நெசவாளி மகன் நெய்தே தீரவேண்டும் என்று எவனும் சொல்லக்கூடாது. இரண்டும் ஒரே கொள்கை.

அந்தப் பூதம் 1954-ல் புதைந்ததா? 2023 செப்டம்பர் 17-ந் தேதி ஒன்றிய அரசு 'விஸ்வகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. 18 கைத்தொழில்கள்; கடன் உண்டு, பயிற்சி உண்டு, கருவி உண்டு. எல்லாம் சரி. விண்ணப்பிக்கிறவன் குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு! 18 வயதிலேயே சேரலாம். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதிலே அப்பன் தொழிலுக்குக் கடன்! தமிழ்நாடு அரசு திருத்தம் கேட்டது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குக, வயதை 35 ஆக்குக என்றது. கிடைக்கவில்லை. 2024 நவம்பரில், அந்த வடிவிலே இத்திட்டத்தை நடத்த மாட்டோம் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது: 25 தொழில்கள், 35 வயது ஆனவர்களுக்கு, 3 இலட்சம் ரூபாய் வரை கடன், அதிலே கால் பங்கு, 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியம், யார் மகன் என்ற கேள்வி இல்லை.

இந்த 35 என்ற எண்ணை நாம் போற்றுகிறோம். ஏனெனில் இந்த நாட்டுத் திட்டங்கள் எல்லாமே இருபது வயதைத்தான் கண்கொண்டு பார்க்கின்றன. திறன் பயிற்சியா - இளைஞருக்கு. வேலைவாய்ப்பு முகாமா - 'புதிதாய்ப் படித்து முடித்தோர் வருக'. வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகையா - பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருப்பவனுக்கு. பத்தாம் வகுப்பிலே ஒரு மகளும், வங்கியிலே வீட்டுக் கடனும், வீட்டிலே மருந்துச் செலவுள்ள தாயும் வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு வயதில் வெளியே வந்து நிற்கிறானே, அவன் எந்த முகாமின் வரிசையிலே நிற்பது?

தோழா, ஆட்சியிடம் கேட்க வேண்டியதைப் பிறகு கேட்போம். முதலில் உன்னிடம் சில வார்த்தை.

வேலை போனதை வீட்டிலே மறைக்காதே. காலையிலே டிபன் பெட்டியோடு கிளம்பிப் பூங்காவிலே உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பும் நடிப்பு வேண்டாம். திருடிவிட்டா வந்தாய், தலைகுனிய? மனைவியிடம் சொல், கணக்கைச் சேர்ந்து பாருங்கள். மாதத்துக்கு எவ்வளவு இல்லாமல் முடியாது, எதை நிறுத்தலாம், எத்தனை மாதம் தாங்கும் - இந்த மூன்று கணக்கும் ஒரே காகிதத்திலே ஏறட்டும். உன்னைவிட அவள்தான் இதிலே கெட்டிக்காரியாக இருப்பாள். ஆலை நாட்களிலேயும் அந்தச் சம்பளத்தை மாதக் கடைசிவரை இழுத்து வந்தது அவள் அல்லவா!

செட்டில்மென்ட் பணம் கைக்கு வந்தவுடன் உறவு பெருகும். ஒன்றுவிட்ட பெரியப்பா வருவார், நிலம் இருக்கிறதென்பார். பழைய நண்பன் வருவான், மாதம் வட்டி தருகிற கம்பெனி ஒன்று என்பான். 2022-ல் வட மாவட்டங்களையே உலுக்கிய நிதி மோசடியிலே, மாதம் நூற்றுக்கு 25, 30 வட்டி என்ற ஆசை வார்த்தைக்குத் தங்கள் சேமிப்பைக் கொட்டிக் கொடுத்தவர்கள் எத்தனை ஆயிரம்! மூன்று மாதத்துக்கு அந்தப் பணத்தைத் தொடாதே. யார் கேட்டாலும், 'சங்கத்திலே கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல். பாதிப் பேர் அதற்கே திரும்பி வரமாட்டார்கள். வெளிநாட்டு வேலை என்று வருகிறவனிடமும் எச்சரிக்கை வேண்டும். 2022-ல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவடியிலே அடைபட்டு, அரசு தலையிட்டு மீட்டு வந்த நம் பிள்ளைகளும் வேலைக்குத்தான் ஏங்கினார்கள். அயல்நாடு போவதானால் பதிவு பெற்ற முகவரா என்று பார். பார்த்த பிறகும் இன்னொருமுறை பார்.

கடிகாரத்தைக் கழற்றாதே. மாரியன்டால் ஆண்கள் கழற்றினார்கள். முதல் ஷிப்டுக்கு எழுந்த நேரத்திலேயே எழு. எங்கேயாவது போ, படிப்பகத்துக்குப் போ, சங்க அலுவலகத்துக்குப் போ, நண்பனின் பட்டறைக்குப் போ. போகும் இடம் சிறிதாக இருக்கலாம். போகிறோம் என்பதுதான் முக்கியம்.

பிறகு, உனக்கு என்ன தெரியும் என்று எழுது. 'ஃபோர்டிலே ஆபரேட்டர்' என்று எழுதாதே. அது கம்பெனி உனக்கு வைத்த பெயர், அதைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு போய்விட்டது. அளவெடுக்கத் தெரியுமா? சத்தத்தைக் கேட்டே எஞ்சினில் எங்கே கோளாறு என்று சொல்லத் தெரியுமா? பத்துப் பேரைச் சச்சரவு இல்லாமல் வேலை வாங்கத் தெரியுமா? புதிதாய் வந்த அப்ரண்டிஸுக்கு மூன்று நாளில் கற்றுக் கொடுத்தாயே, அது ஆசிரியத் தொழில் அல்லவா? நோக்கியாவிலே நின்ற பெண்ணே, கண்ணுக்குத் தெரியாத அளவுச் சிறிய பாகங்களைப் பிசகில்லாமல் பொருத்திய உன் விரலுக்குக் கைபேசி பழுது பார்ப்பது கடினமா? ஒவ்வொரு கடைத்தெருவிலும் கைபேசி பழுது பார்க்கும் கடை இருக்கிறது. உள்ளே எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? ஏன் இருக்கக்கூடாது?

கடை வைக்க ஆசையா? வை. ஆனால் முதலில் அதே கடையிலே, வேறொருவரிடம், மூன்று மாதம் சம்பளத்துக்கு நில். ஓட்டல் வைக்க விரும்புகிறவன் விடியற்காலை நாலு மணிக்கு மாவாட்டிப் பார்க்கட்டும். ஆடு வளர்க்க விரும்புகிறவன் மழைக்காலம் ஒன்றைக் கொட்டகையிலே கழித்துப் பார்க்கட்டும். பிடிக்கிறதென்று எண்ணியது பிடிக்காமல் போகலாம். எண்ணியே பாராதது இனிக்கலாம். அதை மூன்று மாத உழைப்பால் தெரிந்துகொள்வது மேல். முப்பது இலட்ச ரூபாயால் தெரிந்துகொள்வது பெருந்துயரம்.

சம்பளம் முன்னைவிடக் குறையக்கூடும். அதை மறைத்து இனிப்புப் பேச நாம் விரும்பவில்லை. பெரிய கம்பெனியிலே பதினெட்டு ஆண்டு ஏறிய சம்பளம் வெளியிலே எடுத்த எடுப்பில் கிடைப்பதில்லை. சிறிது காலம் இறங்கித்தான் ஏறவேண்டியிருக்கும். அதற்காக அகப்பட்ட வேலையிலேயே அடங்கிவிட வேண்டும் என்பதில்லை. இரவுக் காவலாளியாக நிற்கும்போதே பகலிலே வெல்டிங் கற்றுக்கொள்கிறவன் இறங்கவில்லை, பாய்வதற்குப் பின்வாங்கியிருக்கிறான்.

சங்கத்தை விட்டு விலகாதே. ஆலை மூடியதும் சங்கமும் மூடிற்று என்று பலரும் எண்ணுகிறார்கள். தவறு. அப்போதுதான் அதற்குப் பெரிய வேலை. ஒருவனுக்குக் கிடைத்த இடத்தில் இன்னொருவனுக்கும் இடம் இருக்கும். யாருக்கு எங்கே வேலை, யார் நோயிலே கிடக்கிறார்கள், யாருடைய பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட முடியவில்லை - இந்தப் பேரேடு ஒன்று சங்கத்திலே இருந்தால் ஆயிரம் ஆறுதல் மொழிக்கு ஈடாகும். தனியே கிடந்து மனம் உடைந்து தகாத முடிவுக்குப் போகும் தோழனை மீட்க, நாள்தோறும் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒருவன் போதும்.

இனி ஆள்வோரிடம்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டு வந்தது. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடவே அரசின் இசைவு வேண்டும். அதை 300 ஆக்கிவிட்டார்கள். 299 பேர் இருக்கும் ஆலையை மூட இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக என்ன தந்தார்கள்? ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு 'மறுதிறன் நிதி' - முதலாளி 15 நாள் கூலியைச் செலுத்த, 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கிலே வரவு வைப்பார்களாம். பதினைந்து நாள் கூலி! அதிலே எந்தத் தொழிலைக் கற்பது? கார் ஓட்டக் கற்று உரிமம் வாங்குவதற்குள் தீர்ந்துவிடுமே! ஆட்குறைப்புச் செய்த கம்பெனி ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால் பழையவருக்கு முதல் வாய்ப்பு என்றும் ஒரு விதி. ஓராண்டாம்! மறைமலை நகரிலே 2022-ல் மூடிய கதவு 2029-ல் திறக்கப் போகிறது. சட்டத்தின் கண்ணுக்கு எட்டிய தூரம் அவ்வளவுதான்.

இ.எஸ்.ஐ.யிலே 2018-ல் ஒரு திட்டம் வந்தது. வேலை இழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி ஊதியத்தில் கால் பங்கு என்றார்கள். கொரோனாக் காலத்தில், 2020-ல், அதைப் பாதியாக உயர்த்தினார்கள். 90 நாள் வரைக்கும். அதுவும் வாழ்நாளில் ஒரு முறை. ஏதோ, பசித்தவனுக்கு ஒரு வாய் கஞ்சி. ஆனால் எத்தனை தொழிலாளிக்கு இப்படி ஒன்று இருப்பதாவது தெரியும்? வேலைநீக்க உத்தரவைக் கையிலே கொடுக்கும்போதே இந்த விண்ணப்பத்தையும் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சட்டத்துக்கு என்ன செலவு?

ஸ்வீடன் நாட்டைப் பாருங்கள். 1974-லேயே அங்கே முதலாளிகள் அமைப்பும் அலுவலர் சங்கங்களும் உடன்பாடு கண்டு ஒரு பொதுக் குழுவை அமைத்தன. 2004-ல் ஆலைத் தொழிலாளிக்கும் அப்படி ஒரு நிதி வந்தது. கம்பெனிகள் மொத்தச் சம்பளத்திலே ஒரு சிறு பங்கை நல்ல காலத்திலேயே அதற்குச் செலுத்துகின்றன. ஆட்குறைப்பு வந்தால், தொழிலாளி கதவைத் தாண்டுவதற்கு முன்பே அவனுக்கென்று ஓர் ஆலோசகர் வந்துவிடுகிறார்: உனக்கு என்ன தெரியும், என்ன பிடிக்கும், எதைக் கற்க வேண்டும், எங்கே இடம் இருக்கிறது என்று உட்கார்ந்து பேசுகிறார். வெள்ளம் வந்தபின் படகு தேடுவதில்லை அவர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை, திருப்பூர் - இத்தனை ஆலைக் கூட்டம் வைத்திருக்கும் தமிழ்நாட்டிலே, ஆலைக்கு நிலமும் மின்சாரமும் சலுகையும் கொடுத்து ஒப்பந்தம் எழுதும் அன்றே, இப்படியொரு நிதிக்கும் ஒரு பத்தி எழுதினால் என்ன குறைந்துவிடும்? வருகிறபோது வாக்குக் கொடுக்கிற கம்பெனி, போகிறபோது என்ன செய்யும் என்பதையும் வருகிறபோதே எழுதித் தரட்டும். கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயரும் அந்தத் தாளிலே ஏறட்டும். நாம் எந்தக் கட்சி, ஆட்சியிலே யார் என்பது இதிலே பேச்சல்ல. ஆட்சியிலே இருக்கிறவர் எவராயினும் அவரிடம் இதைக் கேட்போம்.

மறைமலை நகருக்கே திரும்புவோம். 2029 வருவதற்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களின் பட்டியல் கம்பெனியிடம் இருக்கிறது, தொழிலாளர் துறையிடம் இருக்கிறது, சங்கத்திடமும் இருக்கிறது. அதை எடுத்து, இன்று யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். திரும்பி வர விரும்புகிறவர் எத்தனை பேர்? 'வேண்டாம், எனக்குப் புதிய தொழில் பிடித்துவிட்டது' என்பவர் எத்தனை பேர்? அவர்களை வாழ்த்துவோம், அவர்கள் கதையைக் கேட்டு இந்த ஏட்டிலே வெளியிடுவோம். இளைஞருக்கு எஞ்சின் வேலை கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக வர ஒப்புகிறவர் எத்தனை பேர்? ஐ.டி.ஐ.க்களிலே அவர்களுக்கு நாற்காலி போடலாமே! 600 இடங்களுக்கும் ஒரு நாள் விளம்பரம் வரும். அன்று, சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பு, 'வயது வரம்பு' என்ற கட்டத்திலே என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.